பத்து ஆராங்: ஒரு நிலக்கரிச் சுரங்க ஊரின் வரலாறும் கூட்டுவாழ்வும்

முன்னுரை

மலாயாத் தமிழர் வரலாற்றை எழுதப் புகுவோர் இரப்பர்த் தோட்டத்தையே முதற்களமாகக் கொள்வது வழக்கம். அவ்வழக்கம் காரணமுடையது, தமிழகத்தினின்று கடல் கடந்து சென்ற தொழிலாளருள் பெரும்பாலோர் தோட்டங்களிலேயே வாழ்ந்தனர். ஆயினும், ஒரு பொருளின் இயல்பு அதனோடு ஒருபுடை ஒத்தும் ஒருபுடை மாறுபட்டும் நிற்கும் பிறிதொரு பொருளோடு வைத்து எண்ணும்போதே நன்கு புலனாகும். தோட்டத்தை அறிய விழைவார் அதன் எல்லைக்கு அப்பாலும் நோக்குதல் வேண்டும். அந்நோக்கத்தோடு, சிலாங்கூர் மாநிலத்தில் தோட்டங்களுக்கு நடுவே எழுந்து, 1915 முதல் 1960 வரை நிலக்கரியால் வாழ்ந்து, சுரங்கம் மூடப்பட்ட பின்னரும் அழியாது நிற்கும் பத்து ஆராங் என்னும் சிற்றூரை யாம் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இவ்வூர்பற்றி வழங்கும் செய்திகள் இருவகைப்படும். ஒருவகை, சுரங்கக் கம்பெனியின் தோற்றத்தையும் ஆக்கத்தையும் கூறுவன. மற்றொருவகை, 1937 ஆம் ஆண்டின் வேலைநிறுத்தத்தைக் கூறுவன. முன்னவை கரியின் வரலாறாகவும், பின்னவை கலகத்தின் வரலாறாகவும் தனித்தனியே நின்றுவிடுகின்றன. இரண்டும் ஒரே வரலாற்றின் இரு கூறுகள் என்பதே எமது கருத்து. அங்குக் கிடைத்த கரியின் இயற்கைக் குணம் ஒன்று. அதனை வெட்டியவரைப் பணிகொண்ட இடையாள் முறை மற்றொன்று. இவ்விரண்டும் சேர்ந்தே அவ்வூரின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் வகுத்தன என்பதனைச் சான்று காட்டி நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

ஊர்ப்பெயர்

பத்து ஆராங் என்பது மலாய்மொழித் தொடர். ‘பத்து’ என்பது கல். ‘ஆராங்’ என்பது கரி. தமிழர் செவிக்குப் ‘பத்து’ என்பது எண்ணுப்பெயராய் ஒலித்தல் இயல்பே. எனினும் இங்கு எண்ணுக்கு இடமில்லை. முருகன் திருத்தலமாக விளங்கும் பத்துமலைக்கும் இஃது ஒக்கும். அம்மலை, அருகே ஓடும் பத்து ஆற்றின் பெயரால் அப்பெயர் பெற்றது. மலாய்மொழியில் இச்சொல் மைல் என்னும் பொருளிலும் வழங்கும். சாலையோரத்து மைற்கல்லின் பெயர் தொலைவுக்கு ஆகிவந்தது. அந்நாட்டுத் தமிழர் அதே பொருளில் ‘கட்டை’ என்னும் சொல்லை ஆள்கின்றனர். ‘ஆறாங்கட்டை’ எனின் ஆறாவது மைலில் உள்ள இடம் என்பது பொருள்.

இத்தொடரின் அமைப்பு ஒப்புநோக்கத்தக்கது. தமிழில் அடை முன்னும் அடைகொளி பின்னும் நிற்கும். மலாயில் அடைகொளி முன்னும் அடை பின்னும் நிற்கும். ஆகவே, ‘பத்து ஆராங்’ என்பதனைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கின் ‘கரிக்கல்’ என்றே ஆகும். நாம் ‘நிலக்கரி’ என்னும்போது அப்பொருளைக் கரியின் ஒரு வகையாகக் கருதி, அது கிடைக்கும் இடத்தால் வேறுபடுத்துகின்றோம். மலாய்க்காரரோ அதனைக் கல்லின் ஒரு வகையாகக் கருதி, அதன் பயனால் வேறுபடுத்தினர். ஊரார் வழங்கும் தோற்றக் கதையும் இப்பெயரோடு இயைந்தே செல்கின்றது. 1908 ஆம் ஆண்டளவில் காட்டிடைச் சமைக்க முற்பட்ட ஒருவர் கருங்கற்கள் சிலவற்றை அடுப்பாகக் கூட்டினார் என்றும், தீ மூட்டியபோது விறகோடு கல்லும் எரியக் கண்டார் என்றும் அக்கதை கூறும். கல்லென்று கருதியது கரியாயிற்று என்பதே கதையின் கரு. பெயரின் கருவும் அதுவே. கரி கண்டறியப்பட்ட தொடக்கத்தில் அப்பகுதி ரந்தாவ் பாஞ்சாங் எனப்பட்டது. ஆற்றின் நீண்ட நேர்போக்கைக் குறித்த அப்பெயர் மறைந்து, நிலத்தடியிற் கிடைத்த பொருளின் பெயரே ஊர்ப்பெயராய் நிலைத்தது. ஆற்றால் அறியப்பட்ட இடம் சுரங்கத்தால் அறியப்படலாயிற்று என்பதனை இம்மாற்றம் ஒன்றே காட்டும்.

கம்பெனியும் கரியின் இயல்பும்

பத்து ஆராங், கோலாலம்பூருக்கு வடமேற்கிலும் ரவாங் நகருக்கு மேற்கிலும் உள்ளது. இங்குள்ள கரியை வெட்டும் உரிமையைப் பெற்று 1913 இல் மலாயன் காலியரிஸ் என்னும் கம்பெனியை நிறுவியவர் ஜே. ஏ. ரசல் ஆவார். கேமரன் மலையில் 1929 இல் தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியவரும் அவரே. 1915 முதல் சுரங்கத்தினின்று கரி வெளிவந்தது. மலாய்க் கூட்டரசு மாநிலங்களின் முதன்மை இருப்புப்பாதையிலுள்ள குவாங் நிலையத்தினின்று ஊர்வரை ஒரு கிளைப்பாதை இடப்பட்டது. முதல் உலகப்போரால் கப்பற் போக்குவரத்துத் தடைப்பட்டிருந்த காலம் அது. கடல் வழியே வந்த கரியையும் காட்டு விறகையும் நம்பியிருந்த புகைவண்டிகளுக்கும் ஈயச் சுரங்க எஞ்சின்களுக்கும் உள்நாட்டுக் கரி பெருந்துணையாயிற்று. பேராக் மாநிலத்தில் எங்கோர் என்னுமிடத்திலும் சிறிது காலம் கரி வெட்டப்பட்டதாயினும் அது நிலைபெறவில்லை. நாட்டில் நிலக்கரி என்றால் பத்து ஆராங் என்றே பொருள்படும் நிலை உண்டாயிற்று.

அக்கரியின் இயல்பை இனி நோக்குவோம். அது மூன்றாம் ஊழிக்குரிய படிவுகளிற் கிடைப்பது. நிலநூலார் கணக்கில் இளமையானது. முதிர்ந்த கரியைக் காட்டிலும் ஈரம் மிக்கது. வெப்பம் தரும் ஆற்றல் குறைந்தது. அவற்றினும் பெரியதொரு குறை அதற்குண்டு. காற்றுப்பட்டுக் குவிந்து கிடப்பின் அது தானே கனன்று தீப்பற்றும். ஆதலால் நெடுங்காலம் சேமித்து வைத்தற்கும், கப்பலேற்றித் தொலைநாடுகளுக்கு அனுப்புதற்கும் அது தகுதியற்றதாயிற்று. வெட்டிய கரியை விரைவில், அண்மையில், எரித்துவிடல் வேண்டும். சுரங்கத்தினுள்ளும் இவ்வியல்பு இடர் விளைத்தது. கரி எடுத்த வெற்றிடங்களில் தீ மூளாதபடி, மணலை நீரோடு கலந்து குழாய் வழியே செலுத்தி அவற்றை அடைக்கும் முறை கையாளப்பட்டது. நிலத்தடிச் சுரங்கங்களோடு, மேல்மண்ணை அகற்றி எடுக்கும் திறந்தவெளிச் சுரங்கங்களும் இருந்தன.

இவ்வியற்கைக் குணத்தின் விளைவு யாது? பத்து ஆராங்கின் கரிக்கு உலகச் சந்தை இல்லை. உள்நாட்டுச் சந்தை மட்டுமே உண்டு. அச்சந்தையும் புகைவண்டித் துறை, மின்நிலையங்கள், ஈயச் சுரங்கங்கள் என்னும் சில பெருங்கொள்வோரைச் சார்ந்தே நின்றது. கோலாலம்பூரின் பங்சார் மின்நிலையம் அக்கரியால் இயங்கியது. எனவே, சுரங்கம் சில நாள் நின்றாலும் தலைநகரின் விளக்கும் புகைவண்டியின் ஓட்டமும் நிற்கக்கூடும். சேமித்து வைக்கவியலாக் கரி, வெட்டுவோர் கைக்கு ஒரு வலிமையைத் தந்தது. அதே கரி, கொள்வோர் மனம் மாறின் ஊருக்கு வேறு புகலில்லாத நிலையையும் தந்தது. பின்னர் நிகழ்ந்த இருபெரு நிகழ்ச்சிகளின் வித்தும் இங்கே காணப்படும்.

இவ்வாபத்தைக் குறைக்கும் வகையில் கம்பெனி பிற தொழில்களையும் தொடங்கிற்று. செங்கற் சூளைகளும், ஒட்டுப்பலகை ஆலையும், மரத்தைக் காய்ச்சி வடிக்கும் ஆலையும் அமைக்கப்பட்டன. இவையனைத்தும் அக்கம்பெனிக்கே உரியன. ஆகவே, வேலை பலவாயினும் வேலை தருவோர் ஒருவரே என்னும் நிலை மாறவில்லை.

இடையாள் முறை

சுரங்கத்தில் வேலை தருவோர் ஒருவர். ஆயினும் வேலை செய்வோர்க்கு அவரோடு நேர்த்தொடர்பு இல்லை. இதுவே இவ்வூரின் சமுதாய அமைப்பில் நாம் உற்று நோக்கவேண்டிய கூறு.

பத்து ஆராங் தொழிலாளருள் மிகப் பெரும்பான்மையினர் சீனர். இந்தியரும் மலாய்க்காரரும் சிறுபான்மையினர். சீனத் தொழிலாளரைக் கடனுக்குப் பிணைத்துப் பணிகொள்ளும் ஒப்பந்தக்கூலி முறை மலாய்க் கூட்டரசு மாநிலங்களில் 1914 இல் ஒழிக்கப்பட்டது. கம்பெனி தோன்றியது 1913 இல். கரி வெளிவந்தது 1915 இல். பழைய பிணைப்பு முறை நீங்கி, ஒப்பந்தக்காரர் முறை அதன் இடத்தைப் பிடித்த காலத்திலேயே இவ்வூர் பிறந்தது என்பது கருதத்தக்கது. கம்பெனி சுரங்கத்தின் ஒரு பகுதியை ஓர் ஒப்பந்தக்காரரிடம் விடும். வெட்டிய கரியின் அளவுக்கு அவருக்குப் பணம் தரும். ஆட்களைச் சேர்ப்பவரும், ‘கொங்சி’ எனப்பட்ட நீண்ட கூட்டுக் கொட்டகையில் தங்கவைப்பவரும், அரிசியும் உப்பும் கடனாகத் தருபவரும், கணக்குப் பார்த்துக் கூலி தருபவரும் அவ்வொப்பந்தக்காரரே. கம்பெனி தந்த பணத்துக்கும் தொழிலாளி பெற்ற பணத்துக்கும் இடையே எத்துணை வேறுபாடு இருந்தது என்பதனை அறியும் வழி தொழிலாளிக்கு இல்லை. அவர் உழைத்தது கம்பெனிக்கு, கடன்பட்டது ஒப்பந்தக்காரருக்கு.

இதனைத் தோட்டத் தமிழரின் நிலையோடு ஒப்பிடுதல் பயன்தரும். அங்கும் ஓர் இடையாள் உண்டு; அவர் கங்காணி. தம் ஊரிலிருந்தும் உறவிலிருந்தும் ஆட்களைச் சேர்த்துக் கப்பலேற்றி வந்தவர் அவர். ஆயினும் தமிழ்த் தொழிலாளர்மீது அரசின் கண்ணும் இருந்தது. 1907 இல் ஏற்பட்ட குடியேற்ற நிதி பயணச் செலவை ஏற்றது. 1922 ஆம் ஆண்டு இந்தியக் குடிபெயர்வுச் சட்டத்தின் பின்னர், இந்திய அரசின் முகவர் ஒருவர் கோலாலம்பூரில் அமர்ந்து தொழிலாளர் குறைகளைக் கேட்டார். 1923 ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் மருத்துவம், இருப்பிடம், தோட்டப் பள்ளி முதலியவற்றைக் கட்டாயமாக்கிற்று. முக்கிய வட்டாரங்களில் தமிழர்க்கு நியமக் கூலியும் வகுக்கப்பட்டது. இப்பாதுகாப்பால் தமிழர் உயர்ந்தனரோ எனின், இல்லை எனலாம். நியமக் கூலி, அதற்கு மேல் உயராத கூலியாகவே பெரிதும் நின்றது. சீனத் தொழிலாளர் அளவுவேலைக்குப் பேசிப் பெற்ற கூலி பெரும்பாலும் அதனினும் மிகுதி. சுருங்கக் கூறின், தமிழர்க்குக் காவலர் பலர். பேரம் பேசும் உரிமை குறைவு. சீனர்க்குப் பேரம் பேசும் உரிமை உண்டு, காவலர் இலர். ஒரே மாநிலத்தில் சில மைல் தொலைவில் வாழ்ந்த இருசார் உழைப்பாளரும் வேறுவேறு சட்ட உலகங்களில் வாழ்ந்தனர்.

1936–37 வேலைநிறுத்தங்கள்

1929 இல் தொடங்கிய உலகப் பொருளாதார வீழ்ச்சி மலாயாவின் இரப்பரையும் ஈயத்தையும் ஒருங்கே தாக்கிற்று. ஈய உற்பத்தி உலக உடன்படிக்கையால் 1931 முதல் கட்டுப்படுத்தப்பட்டது; ஈயச் சுரங்கம் தளரவே கரியின் தேவையும் தளர்ந்தது. பல்லாயிரம் தமிழர் தாயகத்துக்குத் திருப்பியனுப்பப்பட்டனர். சீனர் வருகையும் 1930 முதல் கட்டுப்படுத்தப்பட்டு, 1933 ஆம் ஆண்டு அயலார் சட்டத்தால் மேலும் சுருக்கப்பட்டது. எங்கும் கூலி குறைந்தது. பின்னர் விலைகள் ஏறின. ஆனால், கூலி அதற்கேற்ப ஏறவில்லை. புதிய ஆட்கள் முன்போல் வரவியலாமையால் இருக்கும் தொழிலாளரின் மதிப்பு உயர்ந்திருந்தது. இவ்விரண்டும் கூடியவிடத்து வேலைநிறுத்தம் எழுதல் வியப்பன்று.

1936 நவம்பரில் பத்து ஆராங்கில் முதல் வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. 1937 மார்ச்சில், காஜாங் முதலிய பகுதிகளின் இரப்பர்த் தோட்டங்களிற் பணிபுரிந்த சீனத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்தபோது, பத்து ஆராங் மீண்டும் எழுந்தது. இம்முறை ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் பணியை நிறுத்தினர். கூலி உயர்வு மட்டுமன்றி ஒப்பந்தக்காரர் முறையின் கொடுமை நீங்குதலும் அவர்தம் வேட்கையாய் இருந்தது. சுரங்கத்தைத் தம் கைக்கொண்ட தொழிலாளர், குழு அமைத்து ஊரின் காவலையும் ஒழுங்கையும் தாமே நடத்தினர். 1930 இல் தோன்றிய மலாயாக் கம்யூனிஸ்ட் கட்சியின் தொண்டர்கள் இதில் முன்னின்றமையால், ஆட்சியாளர் இதனைச் சுரங்கத்துள் எழுந்த ‘சோவியத்’ எனக் கண்டு அஞ்சினர். அச்சத்துக்கு மற்றொரு காரணமும் உண்டு. முன்னர்க் கூறியவாறு அக்கரி சேமித்தற்கு அரியது. புகைவண்டியும் மின்நிலையமும் நெடுநாள் காத்திருத்தல் இயலாது. மார்ச் 27 ஆம் நாள் போலீஸ் பெரும்படை சுரங்கத்துட் புகுந்து அதனை மீட்டது. பலர் சிறைப்பட்டனர், நாடுகடத்தும் சட்டப்படி சீனத்துக்கு அனுப்பப்பட்டோரும் உளர். எனினும் அவ்வாண்டின் வேலைநிறுத்தங்கள் கூலி உயர்வைக் கொணர்ந்தன.

இக்காலத்திலேயே நிகழ்ந்த மற்றொரு செய்தியை இதனருகே வைத்து நோக்குதல் வேண்டும். பத்து ஆராங்கின் முதல் வேலைநிறுத்தத்துக்கும் இரண்டாம் வேலைநிறுத்தத்துக்கும் இடைப்பட்ட திங்களில், அஃதாவது 1936 டிசம்பர், 1937 சனவரி ஆகிய காலத்தில், வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய மலாயாவிற் சுற்றுப்பயணம் செய்தார். ஆடவர்க்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்டிர்க்கு 40 காசுமாகப் பழைய கூலியை மீட்டுத்தருதல் வேண்டும் என்பது அவர் பரிந்துரைகளுள் ஒன்று. கூலி மீண்டது, ஆனால், 1938 இல் தோட்ட முதலாளிகள் மீண்டும் குறைக்க முற்பட்டபோது, இந்திய அரசு உதவிபெற்றுச் செல்லும் குடிபெயர்வையே அவ்வாண்டு சூனில் தடைசெய்தது. ஒருபுறம் அறிக்கையும் ஆணையும். மறுபுறம் வேலைநிறுத்தமும் போலீஸ் படையும். ஒரே கேள்விக்கு இருவேறு வழிகளில் விடை தேடப்பட்டது என்பது இதனாற் புலனாகும். தமிழரும் நெடுங்காலம் முதல்வழியிலேயே நிற்கவில்லை. 1941 இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தமிழர், ஆர். எச். நாதன் முதலியோர் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலியோடு மதிப்பையும் கோரினர். துரைமார் எதிர்ப்படின் மிதிவண்டியினின்று இறங்கவேண்டும் என்னும் வழக்கம் ஒழிக என்பது அவர்தம் கோரிக்கைகளுள் ஒன்று. அப்போராட்டமும் படைகொண்டு அடக்கப்பட்டது. நாதன் இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார்.

ஊரின் கூட்டுவாழ்வு

வேலைநிறுத்த நாட்களில் ஓர் ஊர் தன்னைத்தானே ஆண்டுகொண்டதெனின், அதற்குரிய பழக்கம் அதற்கு முன்பே அங்கு வளர்ந்திருத்தல் வேண்டும். அப்பழக்கம் வளர்ந்த இடம் கொங்சி வாழ்க்கையே என்பது எமது துணிபு. கொங்சி என்னும் சீனச்சொல் கூட்டுப்பங்கு என்னும் பொருளையும் உடையது. ஒரு கூரையின்கீழ்த் தங்கி, ஓரடுப்பிற் சமைத்து, செலவைப் பகிர்ந்துகொண்டவர்களுக்குக் கூடிப்பேசுதல் புதிதன்று. ஒப்பந்தக்காரர் தம் வசதிக்காக அமைத்த அக்கொட்டகையே தொழிலாளர்தம் ஒற்றுமைக்கும் நிலைக்களனாயிற்று. தோட்டத்து லயத்தின் அமைப்பு இதனின் வேறு. அங்குக் குடும்பத்துக்கு ஓர் அறையும் தனியடுப்பும் உண்டு. குடும்பமும் கோயிலும் உறவுமே கூட்டுவாழ்வின் அடிப்படை. முன்னது தனியாடவர் பலர் கூடிய வாழ்வு. பின்னது குடும்பங்கள் கூடிய வாழ்வு. போராட்டம் எழும் விரைவில் இருவகை வாழ்வும் வேறுபட்டமைக்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

ஊரில் மூவினத்தாரும் தத்தம் மொழியும் சமயமும் பேணி வாழ்ந்தனர். ஒருவரோடொருவர் பேசுதற்குக் கடைத்தெரு மலாய் பொதுமொழியாயிற்று. சுரங்கம், தோட்டம், இருப்புப்பாதை ஆகிய மூன்றும் அடுத்தடுத்து இருந்தமையால், தோட்டத்துத் தமிழரும் பாதை பேணிய தமிழரும் ஒரே கடைத்தெருவிற் கூடினர். மலாயாத் தமிழில் கொங்சி போன்ற சீனச்சொற்களும், எண்ணற்ற மலாய்ச்சொற்களும் புகுந்து நிலைபெற்றது இத்தகைய கடைத்தெருக்களில்தான். ஆங்கிலக் கம்பெனி, சீன ஒப்பந்தக்காரர், தமிழ்க் கங்காணி, மலாய்ப் பெயர் தாங்கிய ஊர் என நான்கு மொழிகளின் சந்திப்பை இச்சிற்றூர் ஒருங்கே காட்டுகின்றது.

போரும் நெருக்கடிக் காலமும்

1940 இல் ஓராண்டு உற்பத்தி ஏழு இலட்சம் டன்னைக் கடந்தது. அதனினும் உயர்ந்த நிலையைப் பத்து ஆராங் பின்னர் எய்தவில்லை. 1942 சனவரியில் சப்பானியர் சிலாங்கூரைக் கைப்பற்றினர். அவர்கள் ஆட்சியிலும் கரி வெட்டப்பட்டது. சயாம் இருப்புப்பாதை வேலைக்கு மலாயாத் தோட்டங்களினின்று பல்லாயிரம் தமிழர் கொண்டுசெல்லப்பட்டு மாண்ட காலம் அது. போர் முடிந்தபின் கம்பெனி சுரங்கத்தைச் சீர்ப்படுத்த முனைந்தது, தொழிற்சங்கங்களும் வலுப்பெற்றன.

அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைமையில் சீனரும் தமிழரும் முதன்முறையாக ஓரணியில் நின்றனர். தனித்தனிச் சட்ட உலகங்களில் வாழ்ந்த இருசாராரும் ஒன்றுகூடியது இவ்வாண்டுகளிலேயே என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. அச்சம்மேளனத்தின் தலைவராய் விளங்கியவர் தஞ்சை மண்ணிற் பிறந்த எஸ். ஏ. கணபதி. 1948 சூனில் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டது, சம்மேளனமும் தடைசெய்யப்பட்டது. சூலை 12 ஆம் நாள் ஐம்பதின்மர் அளவினதாகிய கம்யூனிஸ்ட் கரந்துறை படையொன்று பத்து ஆராங்கிற் புகுந்து, சிறிது நேரம் ஊரைத் தன் கைக்குட்படுத்திச் சிலரைக் கொன்று, சுரங்கப் பொறிகளையும் சிதைத்துச் சென்றது. கணபதி 1949 இல் ரவாங்கை அடுத்த தோட்டமொன்றிற் கைதுசெய்யப்பட்டார். துப்பாக்கி வைத்திருந்தார் என்னும் குற்றத்துக்காக, இந்திய அரசு கருணை கோரியும், அவ்வாண்டு மே 4 ஆம் நாள் கோலாலம்பூரில் தூக்கிலிடப்பட்டார்.

இந்நிகழ்ச்சிகளால் ஊரின் இயல்பு மாறிற்று. காடு ஓரமாகச் சிதறிவாழ்ந்தோரை வேலியிட்ட புதுக்குடியிருப்புகளிற் குடியமர்த்தும் திட்டம் 1950 முதல் நாடெங்கும் நடைபெற்றது. தன்னைத்தானே ஆண்டுகொள்ள முயன்ற ஊர், காவலுக்குட்பட்ட ஊராயிற்று.

சுரங்கம் மூடப்படுதல்

பத்து ஆராங்கை வீழ்த்தியது போராட்டமும் அன்று, போரும் அன்று. எண்ணெயே அதனை வீழ்த்திற்று. போருக்குப்பின் நீராவி எஞ்சின்கள் பல எண்ணெய் எரிக்குமாறு மாற்றப்பட்டன. 1957 இல் டீசல் எஞ்சின்கள் மலாயா இருப்புப்பாதையில் வந்திறங்கின. 1953 இல் கிள்ளானை அடுத்துத் திறக்கப்பட்ட கன்னாட் பாலம் மின்நிலையம், கரியோடு எண்ணெயையும் எரிக்கவல்லதாய் அமைக்கப்பட்டது. கொள்வோர் சிலராயிருந்த சந்தையில் அச்சிலரும் ஒருவர்பின் ஒருவராய் விலகினர். பிறநாட்டுக் கரியாயின் வேறு துறைமுகம் நோக்கிச் சென்றிருக்கும், இக்கரியோ செல்லவியலாது. 1960 இல் சுரங்கம் மூடப்பட்டது. பன்னிரண்டாண்டு நீடித்த நெருக்கடிநிலை முடிவுற்றதும் அவ்வாண்டே. அமைதி வந்த ஆண்டில் வேலை போயிற்று.

நாற்பத்தைந்து ஆண்டுகளில் ஒரு கோடி டன்னுக்கும் மிகுதியான கரி அங்கு வெட்டப்பட்டது. அதனை வெட்டியவருட் பலர் வேறிடம் சென்றனர். எஞ்சியோர் செங்கற் சூளையையும், அடுத்திருந்த தோட்டங்களையும், பின்னர் ரவாங் முதலிய நகரங்களின் தொழிற்சாலைகளையும் நாடினர். பழைய கடைவரிசை, சூளையின் உயர்ந்த புகைபோக்கி, சுரங்கக் கட்டடங்களின் சிதைவு, வெட்டிய பள்ளங்களில் நீர் நிறைந்துண்டான ஏரிகள் ஆகியன இன்றும் அங்குக் காணப்படுகின்றன. ஊரின் அடியிற் பரந்து கிடக்கும் சுரங்கவழிகள் மேலெழும் கட்டடங்களுக்குத் தடையாய் இருந்துவந்துள்ளன. அருகிலுள்ள ஊர்கள் பெருநகரின் பகுதிகளாக மாறியும் பத்து ஆராங் பழைய உருவம் பெரிதும் கெடாது நிற்பதற்கு இதுவும் காரணம். அதே சிலாங்கூரில் காப்பார் மின்நிலையம் பிறநாட்டினின்று கப்பலில் வரும் நிலக்கரியை எரிக்கின்றது. நிலக்கரியின் காலம் முடிந்தது என்று மூடப்பட்ட சுரங்கத்தின் வரலாற்றில் இஃதொரு முரண்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படுவன மூன்று. ஒன்று: தொலைவு செல்லாத, சேமிக்கவியலாத கரி என்பதே இவ்வூரின் வலிமைக்கும் மெலிவுக்கும் பொதுக்காரணம். 1937 இல் அக்குணம் தொழிலாளர்க்குத் துணைநின்றது; 1960 இல் அதுவே அவர்தம் வேலையைப் போக்கிற்று. இரண்டு: வேலைநிறுத்தத்தின் வேர், புறத்திருந்து வந்த கொள்கையில் மட்டும் இல்லை, முதலாளியையும் தொழிலாளியையும் பிரித்துநின்ற இடையாள் முறையிலும் உண்டு. மூன்று: சீனரின் ஒப்பந்தக்காரர் முறையையும் தமிழரின் கங்காணி முறையையும் ஒருங்கு வைத்து எண்ணாதவழி, மலாயாவின் உழைப்பு வரலாறு இரு துண்டுகளாகவே நிற்கும்.

இம்மூன்றனுள் இறுதியது தமிழாய்வாளர்க்கு நேரே உரியது. மலாயாத் தமிழர் வரலாறு தமிழரை மட்டும் நோக்கி எழுதப்படின், அவர்கள் ஏன் அக்கூலியைப் பெற்றனர், ஏன் அவ்வளவே பெற்றனர் என்னும் வினாவுக்கு விடை கிடையாது. விடையின் பாதி அடுத்திருந்த கொங்சியில் உள்ளது. சுரங்கத்திலும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களிலும் வேலை செய்தோரின் மக்களும் பெயரரும் இன்றும் அவ்வட்டாரத்தில் வாழ்கின்றனர். தொழிற்பெயர்களும், இடப்பெயர்களும், கடைத்தெருவிற் கலந்த சொற்களும் அவர்கள் நாவில் இருக்கும்போதே அவற்றைத் தொகுத்தல் முதுகலை மாணவர் மேற்கொள்ளத்தக்க பணியாகும். புகைபோக்கி இன்னும் சில தலைமுறை நிற்கும். சொற்கள் அத்துணைக் காலம் நில்லா.